மூச்சும் முத்தும்

தமிழ்நாட்டின் பண்டைப் பெருமையை எடுத்துரைப்போர் கொற்கை முத்தைக் கூறாமல் விடுவதில்லை. மேடைதோறும் அது பேசப்படுகின்றது. மலர்தோறும் அது எழுதப்படுகின்றது. ஆயின் அம்முத்தைக் கடலடியிலிருந்து எடுத்து வந்தவன் யார், அவன் எவ்வளவு நேரம் மூச்சை அடக்கினான், அவ்வாறு அடக்கியபோது அவனது உடலிலும் குருதியிலும் நிகழ்ந்தது என்ன என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. அவ்வினாக்களை இம்மலரில் எழுப்ப வேண்டிய நிலை எமக்குச் சென்ற கோடையில் நேர்ந்தது.

ஆண்டாப் ஹில்லில் நம் குடியிருப்புச் சிறுவர் சிலர் விடுமுறை நாளொன்றில் நகரத்து நீச்சல் குளம் ஒன்றுக்குச் சென்றனர். நீருக்கடியில் நெடுநேரம் இருப்பவர் யார் என்று அவர்களுக்குள் ஒரு போட்டி. பதினான்கு வயதுடைய எம் இளைய மகன் மூழ்குமுன் பத்துப் பதினைந்து முறை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டான். அவ்வாறு செய்தால் நெடுநேரம் தாங்கலாம் என்று கைபேசிப் படம் ஒன்றில் கண்டானாம். மூழ்கியவன் திணறவில்லை; கைகால் உதறவில்லை; அமைதியாகவே நினைவிழந்துவிட்டான். உடன் சென்ற சற்று மூத்த பையன் ஐயுற்று அவனைத் தூக்கியிராவிடில் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. ஓரிரு மணித்துளிகளில் மகன் கண் விழித்தான். எமக்கோ அன்றிரவு முழுதும் கண் மூடவில்லை.

அவ்விரவில் எம் தாய்வழிப் பாட்டனாரின் நினைவு வந்தது. அவர் தூத்துக்குடிச் சீமையினர். 1961ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது கரையில் சிப்பி எண்ணும் கொட்டகையில் கூலிக்குக் கணக்கு எழுதியவர். சிறுவராயிருந்த யாம் ஊர்க் குளத்தில் மூழ்கி விளையாடும்போதெல்லாம், “கயிறு பிடிக்க ஆளில்லாமல் மூச்சை அடக்காதேடா” என்று கரையில் நின்று அதட்டுவார். அச்சொல்லின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை. அதனை விளங்கிக்கொள்ள முயன்றதன் பயனே பின்வரும் வரலாறு.

கொற்கைத் துறை

பொருநையாறு கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த கொற்கை, பாண்டியரின் துறைமுகம். சங்கப் புலவர் அதன் முத்தைப் பலபடப் புகழ்ந்துள்ளனர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரயக் கடற் செலவு’ என்னும் மாலுமிகளின் கையேடு கொற்கையையும் அதன் முத்துக்குளிப்பையும் குறிப்பிடுகின்றது. அந்நூல் கூறும் செய்தி ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்வதாகும். பாண்டியன் ஆட்சிக்குட்பட்ட அம்முத்துச் சலாபத்தில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே குளிக்க வைக்கப்பட்டனர் என்று அது சொல்லுகின்றது. ரோமாபுரிச் சீமாட்டியரின் செவியிலும் கழுத்திலும் ஒளிவீசிய முத்துக்குப் பின்னால் ஒரு கைதியின் அடக்கிய மூச்சு இருந்ததென்றால், அக்காலத்தார் இத்தொழிலின் இன்னலை நன்கு அறிந்திருந்தனர் என்பது தெளிவு.

பொருநை கொணர்ந்த மண்ணால் கடல் பின்வாங்கியது. இன்று கொற்கை கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த சிற்றூர். துறைமுகம் காயலுக்குப் பெயர்ந்தது. பின்னர்த் தூத்துக்குடிக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, குளிப்பினால் வந்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறா முதலிய கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கும் சேர்ந்ததென எழுதியுள்ளார். இம்மந்திரக்காரரே பிற்காலத்தில் ‘கடல்கட்டி’ என்று வழங்கப்பட்டனர். மந்திரத்தை நாம் நம்ப வேண்டுவதில்லை. ஆயினும் கடல்கட்டி வந்தாலன்றிக் குளியாளர் கடலில் இறங்க மறுத்தனர் என்பதை நோக்குங்கால், அவர்கள் உள்ளத்து அச்சத்தின் அளவு புலனாகும். அச்சம் கொண்ட இருதயம் விரைந்து துடிக்கும். விரைந்து துடிக்கும் இருதயம் பிராணவாயுவை விரைந்து செலவிடும். ஆதலின் குளியாளரின் மனத்தை அமைதிப்படுத்திய அளவில் கடல்கட்டியின் தொழிலும் வீண் போகவில்லை எனலாம்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தனர். பரதவர் பெருமக்கள் கிறித்துவம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு எழுந்தருளினார். 1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைப்பட்டது; பின்னர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கொடிகள் மாறின, ஆனால் தொல்லாயிரம் பார் முதலிய சிப்பிப் பார்களுக்குத் தோணி செலுத்திச் சென்று மூச்சடக்கி மூழ்கிய மக்கள் மாறவில்லை. பரதவரோடு கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் குளியாளரும் இத்தொழிலில் சிறந்து விளங்கினர். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த பெருங் குளிப்புகளுக்கு அரபு நாட்டுக் குளியாளரும் வந்து சேர்ந்தனர்.

கல்லும் கயிறும்

குளிக்கும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். தோணிக்குத் தலைவன் தண்டல். ஒரு தோணியில் பதின்மர் குளியாளர் இருப்பர், கல்லோ ஐந்துதான். ஒரு கல்லுக்கு இருவர். ஒருவன் மூழ்கி எழுந்து இளைப்பாறும்போது மற்றவன் மூழ்குவான். ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள அக்கல் கயிற்றில் கட்டப்பட்டிருக்கும். குளியாளன் கல்லின் மேலுள்ள கயிற்று வளையத்தில் ஒரு காலை நுழைத்து, வலைக்கூடையை உடன்கொண்டு, மூச்சை இழுத்து, மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்குவான். அரபியர் கொம்பினால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டினர். நம்மவர்க்கு விரல்களே கவ்வி. கல்லின் எடையால் சில நொடிகளில் அடியைத் தொட்டுவிடலாம். கைகால் வீசி நீந்தும் உழைப்பு மிச்சம். அடியில் சிப்பிகளை வாரிக் கூடையிலிட்டுக் கயிற்றை ஒருமுறை சுண்டுவான். மேலே கயிறு பிடித்திருப்பவன் உடனே இழுப்பான்.

பார்கள் ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழமுடையவை. அதாவது ஏறக்குறைய 9 முதல் 18 மீட்டர். நீருக்கடியில் இருக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாகவே இருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கதைகளில் வருவனவெல்லாம் கரையிலிருந்து கேட்டு எழுதியோரின் கற்பனை. ஒரு நிமிடந்தானே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. 1803இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலப் படை அதிகாரி ராபர்ட் பெர்சிவல், ஒருவன் ஒரே நாளில் நாற்பது ஐம்பது முறை மூழ்குவதையும், மேலே வரும்போது வாயிலும் மூக்கிலும் செவியிலும் நீரோடு சிலவேளை குருதியும் வடிவதையும் குறித்துள்ளார். அவ்வாறு குருதி வடிந்தவன் தன் முறை வந்ததும் மீண்டும் இறங்கினான் என்றும் எழுதுகின்றார்.

கயிறு பிடிப்பவன் யாராக இருக்க வேண்டும் என்பதற்கு எம் பாட்டனார் ஒரு விளக்கம் சொல்வார். “அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது, மச்சான்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குப் பாகப் பிரிவினை நினைவு வரும். மச்சானுக்குத் தன் அக்காள் தங்கையின் தாலி நினைவு வரும்” என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு சமூகத்தின் நெடுநாளைய அறிவு பொதிந்திருந்தது.

எடுத்த சிப்பி கரையில் எண்ணப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளித்தவர்க்கு. முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. பெருந்துளைச் சல்லடையில் 20 துளைகள். சிறுதுளைச் சல்லடையில் 1000 துளைகள். ஆணி என்றும் வடிவு என்றும் தூள் என்றும் முத்துக்கு எத்தனையோ பெயர்கள். கழஞ்சும் மஞ்சாடியும் கொண்டு எடை பார்த்தனர். கணக்கு எழுதும் தொழிலில் உள்ள யாம் அந்நுட்பத்தைக் கண்டு வியக்கின்றோம். எனினும் குளித்தவனின் செவிக்கும் நுரையீரலுக்கும் அக்கணக்கில் ஒரு பத்தி இல்லாமற் போனதைக் கண்டு வருந்துகின்றோம். பாட்டனார் அறிந்த முதிய குளியாளர் ஒருவர்க்கு இடச்செவி முற்றிலும் கேளாது. “அந்தக் காது பாரிலே கிடக்கிறது” என்பாராம்.

மூச்சடங்கும்போது உடலில் நிகழ்வது

இனி, உடலுக்குள் செல்வோம். நாம் இழுக்கும் காற்றிலுள்ள பிராணவாயுவை நுரையீரலில் ஏற்று உடலெங்கும் சுமந்து செல்வது குருதியின் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள். உடல் பிராணவாயுவைச் செலவிட்டுக் கரியமிலவாயுவை வெளிவிடுகின்றது. மூச்சை அடக்கினால் முன்னது குறைந்துகொண்டும் பின்னது கூடிக்கொண்டும் போகும்.

முகம் குளிர்ந்த நீரில் அமிழ்ந்து மூச்சும் அடங்கியவுடன் உடல் தானாகவே சிக்கனத்தைக் கைக்கொள்ளுகின்றது. இருதயத் துடிப்பு தணிகின்றது. கை, கால், தோல் ஆகியவற்றின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் மூளைக்கும் இருதயத்துக்கும் செல்ல வேண்டிய குருதி காக்கப்படுகின்றது. மாதக் கடைசியில் இல்லத்தரசியார் பிற செலவுகளை நிறுத்தி அரிசிக்கும் பாலுக்கும் மட்டும் பணத்தை ஒதுக்குவது போன்றது இது. வாத்தினிடத்தும் கடல்நாயினிடத்தும் முன்னரே அறியப்பட்ட இவ்வியல்பை மனிதரிடத்துக் கண்ட ஆய்வுகளுள் ஒன்று, ஆத்திரேலியாவின் வடமுனையில் டாரஸ் நீரிணையில் முத்துக்குளிப்போரைக் கொண்டு ஷோலாண்டர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் நடத்தி 1962இல் வெளியிட்டது. மூழ்கியிருக்கும்போது அவர்கள் துடிப்புத் தணிந்தது. தசைகளில் தேங்கிய லாக்டிக் அமிலம் மூழ்கியிருக்கும்போது குருதியில் மிகவில்லை. மேலே வந்து மூச்சு விட்ட பின்னரே பெருகி வந்தது. மூழ்கிய நேரத்தில் தசைகளுக்குக் குருதி ஏறக்குறைய நிறுத்தப்பட்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

நீரின் அழுத்தமும் தன் வேலையைச் செய்கின்றது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையிலுள்ளதைப்போல் இருமடங்கு. நெஞ்சிலுள்ள காற்று பாதியளவாகச் சுருங்குகின்றது. 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகின்றது. செவிப்பறையின் உட்புறத்துக்குக் காற்றை அனுப்பி அழுத்தத்தைச் சமன் செய்யாதவனுக்குப் பறை கிழியும். பெர்சிவல் கண்ட குருதியும் பாட்டனார் கண்ட செவிட்டுக் காதும் இவ்வழுத்தத்தின் விளைவுகளே.

மண்ணீரலின் கொடை

வயிற்றின் இடப்புறம் விலாவுக்கடியில் மறைந்திருக்கும் மண்ணீரலை நாம் பொதுவாக நினைப்பதே இல்லை. குர்லாக் கார்ஷெட்டில் அவசரத்துக்கென்று சில வண்டித்தொடர்களை நிறுத்தி வைத்திருப்பது நம் குடியிருப்பினர் அறிந்ததே. அதுபோல் மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேமித்து வைக்கின்றது. மூச்சு அடங்கிப் பிராணவாயு குறையும்போது அது சுருங்கித் தன் சேமிப்பைக் குருதியோட்டத்தில் விடுகின்றது. சிவப்பணு மிகுந்தால் அடுத்த மூழ்குதலில் சுமந்து செல்லும் பிராணவாயுவும் மிகும்.

தென்கொரியாவில் மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்களைக் கொண்டு செய்யப்பட்டு 1990இல் வெளியான ஆய்வு இதனைக் காட்டியது. பலமுறை மூழ்கிய பின் அப்பெண்களின் மண்ணீரல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. குருதியில் ஹீமோகுளோபின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. இவ்விளைவு முதல் முழுக்கிலேயே முழுமையாக வருவதில்லை. மூன்று முதல் ஐந்து முறை அடக்கிய பின்னரே முழுவதும் கைகூடுகின்றது. ஓய்வெடுத்தால் ஏறக்குறையப் பத்து நிமிடத்தில் மண்ணீரல் பழையபடி நிறைந்துவிடுகின்றது. ஒரு கல்லுக்கு இருவர் என்று வைத்து, இளைப்பாறியும் மூழ்கியும் மாறி மாறித் தொழில் செய்த நம் முன்னோர் மண்ணீரலின் செயலை அறிந்திலர்; ஆயினும் தொடக்க முழுக்குகளைவிடப் பின் முழுக்குகள் எளிதாவதை உடலால் அறிந்திருப்பர்.

பயிற்சி தருவதும் பிறப்புத் தருவதும்

இவ்வாற்றல் பழகினால் வருவதா, பிறப்பிலேயே வருவதா? இரண்டுக்கும் சான்றுண்டு. இந்தோனேசியக் கடலில் தலைமுறை தலைமுறையாக மூழ்கி வாழும் பஜாவ் மக்களை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரை, அண்டையில் உழவு செய்து வாழும் சாலுவான் மக்களைக் காட்டிலும் பஜாவ் மக்களின் மண்ணீரல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிது என்று கண்டது. கடலில் மூழ்காத பஜாவ் மக்களிடமும் அவ்வாறே இருந்தமையால் அது மரபின் வழி வந்ததென்று கொண்டனர். மறுபுறம், கடலையே அறியாதோர் எட்டு வாரம் நாள்தோறும் மூச்சடக்கிப் பழகியதில் மண்ணீரல் கால் பங்களவு பருத்ததை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பலமுறை மூச்சடக்கினால், சிவப்பணுவை உண்டாக்கத் தூண்டும் சுரப்பைச் சிறுநீரகம் மிகுதியாக விடுவதும் அறியப்பட்டுள்ளது. பயிற்சி மிக்கோர் கரியமிலவாயுவின் மிகுதியையும் பொறுத்துக்கொள்ளப் பழகுகின்றனர். மூச்சு விட வேண்டும் என்னும் துடிப்பு அவர்களுக்குப் பிந்தி வருகின்றது.

ஆனால் பழக்கத்தால் வந்தது பழக்கம் விட்டால் போய்விடும். இதற்கும் கொரியப் பெண்களே சான்று. பருத்தி ஆடையோடு குளிர்காலக் கடலில் மூழ்கிய காலத்தில் குளிரைத் தாங்க அவர்கள் உடலின் வெப்ப உற்பத்தி மாரிக்காலத்தில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு கூடியிருந்ததை 1960களில் அளந்தனர். 1970களின் பிற்பகுதியில் ரப்பர் உடை வந்தது. சில ஆண்டுகளில் அத்தனியாற்றல் அவர்களிடமிருந்து மறைந்தே போயிற்று. தலைமுறைகளாகப் பழகிய உடலும் தேவையற்றதைச் சில ஆண்டுகளில் மறந்துவிடுகின்றது. தாய்மொழியை வீட்டில் பேசாது விட்டால் நேர்வதும் இதுவேயன்றோ!

கைகாட்டியை மறைப்பது

இனி, எம் மகனுக்கு நேர்ந்ததன் காரணத்தைச் சொல்லுவோம். மூச்சு விடு, மூச்சு விடு என்று உடல் நம்மை நெருக்குவது பெரும்பாலும் பிராணவாயு குறைந்ததனாலன்று, கரியமிலவாயு கூடியதனால். இது இருப்புப்பாதையில் உள்ள கைகாட்டி போன்றது. வேகவேகமாக மூச்சை இழுத்து விடுபவன் பிராணவாயுவைப் பெரிதும் கூட்டிக்கொள்வதில்லை. முன்னரே குருதி ஏறத்தாழ நிறைந்துதான் இருக்கின்றது. அவன் செய்வது கரியமிலவாயுவை வெளியேற்றி விடுவது. அஃதாவது கைகாட்டியின்மேல் துணியைப் போர்த்துவது. பாதை அடைபட்டிருக்கின்றது, ஆனால் ஓட்டுநருக்குத் தெரியவில்லை. திணறல் தோன்றுமுன்பே பிராணவாயு எல்லை கடந்து குறைந்து மூளை மயங்கிவிடுகின்றது. அதனாற்றான் அவன் கைகால் உதறவில்லை.

ஆழக் கடலிலோ இன்னொரு பொறியும் உண்டு. ஆழத்தில் அழுத்தம் மிகுதியாதலின் நுரையீரலில் எஞ்சிய பிராணவாயு குருதியில் எளிதில் ஏறுகின்றது. குளிப்பவனுக்குத் தெம்பாகவே இருக்கும். மேலே வர வர அழுத்தம் தணிந்து அவ்வேற்றம் சட்டென்று குறைகின்றது. ஆகவே கடைசிச் சில மீட்டரில், வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், மயக்கம் வருவதுண்டு. மேலேயுள்ளவன் கயிற்றை விடாது இழுத்தால், மயங்கியவனும் கயிற்றைப் பற்றியிருக்கும் வரை மேலே வந்து சேருவான். மச்சான் கையிலிருந்த கயிற்றின் பொருள் இதுதான்.

பசிபிக் பெருங்கடலின் துவாமோத்துத் தீவுகளில் நாள் முழுதும் ஓய்வு குறைத்து ஆழத்தில் மூழ்கிய முத்துக்குளிப்போர்க்குத் தலைசுற்றலும் பக்கவாதமும் சாவும் நேர்ந்தன. அந்நோயை அவர்கள் ‘தாரவானா’ என்றனர். பயிற்சி உடலின் எல்லையைச் சற்றுத் தள்ளி வைக்கின்றது, எல்லையை அழித்துவிடுவதில்லை.

யோகியர் கும்பகம்

நம்முள் யோகப் பயிற்சி செய்வோர் பலர். கும்பகமும் மூச்சடக்கந்தானே என்று கேட்பர். திருமூலர் பூரகத்துக்குப் பதினாறும், கும்பகத்துக்கு அறுபத்துநான்கும், இரேசகத்துக்கு முப்பத்திரண்டும் மாத்திரை வகுத்துள்ளார். அளவின்றி அடக்கு என்று அவர் சொல்லவில்லை. ஒன்றுக்கு நான்கு, நான்குக்கு இரண்டு என்று கணக்கு வைத்தார் என்பது கருதத்தக்கது. பம்பாயிலிருந்து போர்க்காட் மலைப்பாதை ஏறியவுடன் வரும் லோனாவ்லாவில் 1924ஆம் ஆண்டு சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமம் என்னும் நிலையத்தை நிறுவிப் பிராணாயாமத்தைக் கருவிகள்கொண்டு அளந்தார். மிகுந்த பிராணவாயுவை உட்கொள்வதே அதன் பயன் என்ற பொதுக் கருத்தை அவர் ஏற்கவில்லை. நரம்புகளுக்கு அது தரும் பயனையே பெரிதாகக் கொண்டார். யோகி அமர்ந்த நிலையில், அசைவின்றி, உழைப்பின்றி அடக்குகின்றான். குளியாளனோ அழுத்தத்திலும் குளிரிலும் உழைத்துக்கொண்டே அடக்குகின்றான். முன்னவனுக்கு ஆசான் அருகில் வேண்டும். பின்னவனுக்குக் கயிறு பிடிப்பவன் மேலே வேண்டும். இருவருள் ஒருவரும் தனித்து நிற்பவர் அல்லர்.

பின்னர் நேர்ந்தது

1955 முதல் 1961 வரை தூத்துக்குடிப் பார்களில் தொடர்ந்து குளிப்பு நடந்தது. அதுவே இறுதி. பார்கள் வறண்டன. அதற்கு முன்பே சப்பானிய வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தையில் இடம் பிடித்திருந்தன. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். முத்துப் போனபின்பும் சங்கு இருந்தது. வங்காளத்து மணமகளிரின் கையில் வளையாகும் அச்சங்கை எடுக்க நம் குளியாளர் தொடர்ந்து மூழ்கினர்.

இன்றும் இராமநாதபுரம் மாவட்டத்துப் பாம்பன், ஏர்வாடிப் பகுதிகளில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர்ச் செருப்புடன் மூச்சடக்கி மூழ்குகின்றனர். சிறுமியராய் இருக்கும்போதே தாயோடு கடலுக்குச் சென்று பழகியவர்கள் இவர்களிற் பலர். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின் இவர்கள் பிழைப்பு நெருக்கடிக்குள்ளாயிற்று. கடலையும் காத்துப் பிழைப்பையும் காக்க, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பது என்னும் கட்டுப்பாட்டைப் பெண்கள் தாமே மேற்கொண்டனர். அவர்களுள் ஒருவராகிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்னும் அமெரிக்க அமைப்பு பரிசளித்துப் பெருமை செய்தது. கொரியாவின் சேசுத் தீவில் மூழ்கும் பெண்களின் மரபை 2016இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. நம் பாம்பன் பெண்களின் மூச்சும் அதற்கு இளைத்ததன்று.

முடிவுரை

நம் குடியிருப்புப் பெற்றோர்க்கு யாம் சொல்ல விரும்புவது இதுவே. பிள்ளைகள் நீந்தட்டும், மூழ்கட்டும், அச்சம் காட்டி அடக்க வேண்டா. ஆனால் மூழ்குமுன் வேகமூச்சு விடலாகாது என்பதைக் கையைப் பிடித்துச் சொல்லுங்கள். நீருக்கடியில் மூச்சடக்கிப் போட்டியிடலாகாது. கண்ணை எடுக்காமல் பார்த்திருக்கும் ஒருவர் கரையில் இல்லாது எவரும் மூழ்கலாகாது. இருதய நோயும், இரத்த அழுத்தமும், வலிப்பும் உடையோர் மருத்துவரைக் கேளாமல் கும்பகம் முயலலாகாது.

மூச்சடக்கம் தனியொருவனின் வீரம் என்று இதுகாறும் எண்ணியிருந்தோம். கொற்கை முதல் பாம்பன் வரையுள்ள வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்திற்று. முத்தின் விலையைச் சல்லடை அறிந்தது. குளித்தவனின் உயிரை மேலிருந்த கைதான் அறிந்தது. எம் மகனைத் தூக்கிய பையன் மூன்றாம் கட்டடத்தில் வாழ்பவன். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எம் மகனோடு ஒரே விசிப்பலகையில் அமர்பவன். உறவுமுறையில் அவன் எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆயினும் அன்று முதல் எம் இல்லத்தில் அவனை மச்சான் என்றே அழைக்கின்றோம்.